படத்துக்குக் கீழே ஒரு வரி

(திருச்சி கைலாசபுரத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கைலாசபுரத்தில் நின்றுகொண்டு படத்தின் நம்பகத்தன்மையைப் பற்றிப் பேசுவது கொல்லத் தெருவில் ஊசி விற்பது போன்றது. 1965 முதல் கொதிகலன் செய்கிற ஊர் இது. குழாய்களை வெல்டிங் செய்து இணைத்தபின், அந்த இணைப்பை எக்ஸ்-கதிரோ காமாக் கதிரோ கொண்டு படமெடுப்பார்கள். உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறதா, கசடு தங்கியிருக்கிறதா, விரிசல் ஓடுகிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது; ஃபிலிமில் தெரியும். ஆனால் ஃபிலிம் தெளிவாக விழுந்துவிட்டதென்று யாரும் அதை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. எந்த வேலை, எந்த இணைப்பு, எந்த நாள் என்று சொல்லும் ஈய எழுத்துகள் படத்திலேயே பதிந்திருக்க வேண்டும். பெனட்ராமீட்டர் என்கிற அளவுகோலையும் கூடவே வைத்துப் படமெடுத்திருக்க வேண்டும். அதன் மெல்லிய கம்பி ஃபிலிமில் தெரிந்தால்தான், நுண்ணிய குறையைக் காட்டும் திறன் அந்தப் படத்துக்கு இருந்ததென்று ஒப்புக்கொள்வார்கள். பிறகு, அதைப் படிப்பதற்கென்றே பயின்று தேர்வெழுதித் தகுதி பெற்ற ஒருவர் படித்துப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். ஈய எழுத்து இல்லாத ஃபிலிம் எத்தனை அழகாக இருந்தாலும் கழிக்கப்படும். ஒரு குழாயின் இணைப்பை நம்புவதற்கு நாம் இவ்வளவு கேட்கிறோம். ஒரு கலவரத்தை, ஒரு வெள்ளத்தை, ஒரு குழந்தையின் சாவை நம்புவதற்கு எவ்வளவு கேட்கிறோம்? காட்சி இதழியலை முதுநிலைப் பட்டமாகப் படிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு இங்கிருந்துதான் விடை தேட விரும்புகிறேன். படமெடுப்பதை எங்கும் கற்கலாம். படத்துக்குக் கீழே எழுதவேண்டிய அந்த ஒரு வரியை, ‘இது இன்னது, இன்ன இடத்தில், இன்ன நாளில், எங்களுக்கு இன்னபடி தெரியும்’ என்ற வரியை, எழுதும் தகுதிக்குத்தான் இரண்டு ஆண்டுப் படிப்பு வேண்டும். இன்று நான் நிறுவ வந்தது இவ்வளவுதான்.

காட்சி இதழியல் என்றால் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடுவது என்று நினைப்பவர்கள் உண்டு. புகைப்படம் அதில் ஒரு பகுதி. வீடியோ, கருத்துப்படம், நிலப்படம், தகவல் வரைகலை, செயற்கைக்கோள் படத்தை வாசிப்பது எல்லாம் அதில் அடங்கும். நம் கல்லூரிகளில் பரவியிருக்கும் ‘விஸ்காம்’ எனும் காட்சித் தொடர்பியல் இளநிலைப் படிப்பு வேறு. அதில் சேரும் பிள்ளைகளில் பலருடைய கண் கோடம்பாக்கத்தின் மேல் இருக்கிறது. அதில் தவறில்லை, சினிமாவும் ஒரு தொழில். ஆனால் சினிமாக்காரருக்குப் படம் நம்பும்படி இருந்தால் போதும். செய்தியாளருக்கு அது உண்மையாக இருக்க வேண்டும். ஒரே கருவி, ஒரே ஒளி, ஒரே எடிட்டிங் மென்பொருள், முற்றிலும் வேறான இரண்டு கடமைகள். இளநிலையில் இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கற்பிப்பதால், இரண்டாவது கடமை முதலாவதன் நிழலில் ஒடுங்கிவிடுகிறது.

திருச்சி மாவட்டத்திலிருந்தே ஒரு சான்று. 2019 அக்டோபர் 25 மாலை, மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில், கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றுக்குள் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. இடையில் தீபாவளி வந்து போனது. 29ஆம் தேதி அதிகாலையில் உடல்தான் மேலே வந்தது. அந்த நாட்களில் தமிழகமே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. துளைக்குள் இறக்கிய கேமராவில் குழந்தையின் கை தெரிந்தது. அந்தக் கையில் கயிற்றைச் சுருக்கிட முயன்றதும் தெரிந்தது. அந்தக் காட்சி திரும்பத் திரும்ப ஓடியது. மீட்புக் குழுவுக்கு அந்தப் படம் கருவி: கை எங்கே இருக்கிறது, மண் எவ்வளவு சரிந்திருக்கிறது என்று அவர்கள் அதில் படித்தார்கள். பார்வையாளருக்கு அது என்ன? முப்பது அடி அளவில் இருந்த குழந்தை எண்பது அடிக்கும் கீழே ஏன் சரிந்தது, பக்கத்தில் குழி தோண்டிய இயந்திரம் ஏன் பாறையில் திணறியது, கைவிட்ட துளைகளை மூடுவதற்கு உச்ச நீதிமன்றம் 2010இலேயே வகுத்துத் தந்த நெறிமுறைகள் ஊராட்சி மட்டத்தில் என்ன ஆயின என்பவற்றில் ஒன்றைக்கூட அந்தக் கை சொல்லாது. துளையின் நீளவெட்டு வரைபடம் ஒன்றும் பாறையின் இயல்பைச் சொல்லும் நான்கு வரிகளும் சொல்லியிருக்கும். நான்கு நாள் ‘லைவ்’ காட்டிய நமக்கு மனத்தில் மிஞ்சியிருப்பது கைதான், கிணறு அல்ல. செய்தியாளர்களின் இரக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. அவர்கள் கையில் ஒரு படம் இருந்தது, அதன் கீழே எழுத வரி இல்லை. அந்தக் குறையைத்தான் சொல்கிறேன்.

படத்தோடு வரியைச் சேர்ப்பது நமக்குப் புதிதல்ல. செங்கம் பகுதி நடுகற்களை எண்ணிப் பாருங்கள். வீரன் வில்லோடு நிற்கிறான் அல்லது வாளை ஓங்கியிருக்கிறான். உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் ஒரு வீரனுக்கும் இன்னொருவனுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. கூடவே எழுத்து இருக்கிறது: இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டு, இன்னாருடைய சேவகன், இன்ன ஊர்த் தொறுவை, அதாவது ஆநிரையை, மீட்கப்போய்ப் பட்டான். யார், எப்போது, எங்கே, ஏன் எல்லாம் கல்லில் இருக்கின்றன. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகற்களில் உருவமே இல்லை, எழுத்து மட்டும்தான். வரி முதலில் வந்திருக்கிறது, படம் பிறகு சேர்ந்திருக்கிறது. நடுகல் எடுப்பதில் தொல்காப்பியம் சொல்லும் முதல் துறைக்குப் பெயரே ‘காட்சி’. தகுந்த கல்லைத் தேடிக் காண்பது என்பது அதன் பொருள். வெறுமனே கண்ணில் படுவதை அந்தச் சொல் குறிக்கவில்லை. தேடித் தேர்ந்து காண்பதைக் குறிக்கிறது. ‘காட்சி இதழியல்’ என்ற தொடரில் அந்தப் பழைய பொருளும் ஒட்டிக்கொண்டிருந்தால் நல்லது.

நம் அளவை நூல்கள் இன்னும் கூர்மையாகப் பேசியிருக்கின்றன. அறிவு வரும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என்று மூன்றாக அடக்குகிறார் சிவஞான சித்தியார் பாடிய அருணந்தி சிவாசாரியார். கண்டது எல்லாம் அறிவாகிவிடாது. காண்டலிலேயே ஐயமும் உண்டு, திரிபும் உண்டு. தூரத்தில் நிற்பது கட்டையோ ஆளோ என்பது ஐயம். கிளிஞ்சலை வெள்ளி என்று எடுப்பது திரிபு. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் மனிதக் கண்ணுக்குச் சொன்ன இந்த எச்சரிக்கை கேமராவுக்கும் அட்சரம் பிசகாமல் பொருந்தும். புகைப்படம் காண்டலைச் சேர்ந்தது. வரைகலையும் கருத்துப்படமும் கருதலைச் சேர்ந்தவை. இரண்டு உண்மைகளைப் பக்கத்தில் வைத்து மூன்றாவதை உய்த்துணரச் செய்கின்றன. படக்குறிப்பு உரையைச் சேர்ந்தது. நம்பத்தக்கவர் ஒருவர் தன் பெயரை அடகு வைத்துச் சொல்லும் சொல் அது. மூன்றும் ஒன்றையொன்று சோதிக்கும்போதுதான் சான்று பிறக்கிறது.

கேமரா திருச்சிக்கு வந்த கதையே இதற்கு நல்ல பாடம். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1858இல் ஸ்ரீரங்கத்தையும் மலைக்கோட்டையையும் படமெடுத்தார். மெழுகு பூசிய காகித நெகட்டிவ், கனத்த கேமரா. அதே பயணத்தில் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே தொடராக்கினார். அழகுக்காகச் செய்த வேலையன்று. எழுத்தைப் படிக்க முடிய வேண்டும், அதற்காகச் செய்தது. இந்த அளவுக்குத் துல்லியத்தில் பிடிவாதமாக இருந்த மனிதர்தான், வெளுத்துப்போன வானத்தில் தூரிகையால் நெகட்டிவிலேயே மேகம் தீட்டியவரும். அக்காலத்து ரசாயனம் நீல வானத்தையும் இலைப் பச்சையையும் சரியாகப் பிடிக்காது. குறையைக் கையால் நிரப்பினார். ஏமாற்றும் எண்ணம் இல்லை. ஆனால் கல்வெட்டையும் மேகத்தையும் ஒரே கை எடுத்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அவர் படங்களிலிருந்து அன்றைய வானிலையை யாராவது எழுதினால் கிளிஞ்சல் வெள்ளியாகிவிடும். இரண்டே ஆண்டுகளில், இது நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று ஆளுநர் டிரெவெலியன் அந்த அரசுப் புகைப்படப் பணியையே மூடினார். காட்சிப் பதிவை ஆடம்பரம் என்று தள்ளும் நிர்வாக மனம் நமக்கும் பழக்கமானதுதான்.

அடுத்த இருபது ஆண்டுக்குள் இதைவிடக் கடுமையான பாடம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பஞ்சத்தை வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற அதிகாரி படமெடுத்தார். எலும்பும் தோலுமான மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்தும் நின்றும் கேமராவைப் பார்க்கிறார்கள். குடும்பப் படத்துக்கு அமர்த்துவது போல அவர்களை அமர்த்தியிருக்கிறார். படமெடுத்தபின் அவர்களுக்குச் சோறு போட ஏற்பாடு செய்யவில்லை என்ற கண்டனம் அக்காலத்திலேயே எழுந்தது. பிறகு பர்மாவில் 1886இல், மரண தண்டனை நிறைவேறும் கணத்தைப் படமெடுத்ததற்காக அதே மனிதர் விசாரணைக்கு உள்ளானார். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பஞ்சத்தின் கொடுமையை இன்று யாராவது மறுத்தால் நாம் எடுத்து நீட்டுவது ஹூப்பரின் படங்களைத்தான். கேவலமான முறையில் எடுத்த படமும் சான்றாக நிற்கிறது. எடுத்தவர் முறை தவறினார், ஆகவே படத்தைக் கிழித்துவிடு என்று சொல்ல முடியாது. படம் பயன்படுகிறது, ஆகவே முறை தவறினால் பரவாயில்லை என்றும் சொல்ல முடியாது. இந்த முடிச்சைப் பணியிடத்தில் ஐந்து நிமிடத்தில் அவிழ்க்க இயலாது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு பருவம் முழுக்க வாதிட வேண்டிய முடிச்சு இது. பல்கலைக்கழகம் என்பதே அப்படி வாதிடுவதற்கு ஒதுக்கிய இடம்.

ஒரு படத்தைச் சாட்சியாக்க எத்தனை துறைகள் வேண்டும் என்பதற்குத் தமிழர்கள் மறக்க முடியாத ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கைகள் கட்டப்பட்ட மனிதர்களைச் சீருடையணிந்தவர்கள் சுட்டுக்கொல்வதாகக் காட்டும் வீடியோ ஒன்றை 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சானல் 4 ஒளிபரப்பியது. போலி என்றது இலங்கை அரசு. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் மூன்று நிபுணர்களிடம் அதைக் கொடுத்தார்: தடயவியல் மருத்துவர் ஒருவர், வீடியோ ஆய்வாளர் ஒருவர், துப்பாக்கிச் சான்று நிபுணர் ஒருவர். உடல் விழும் விதம், குருதி, துப்பாக்கி பின்னுதைக்கும் அசைவு, ஒலி, ஃபிரேம்களின் தொடர்ச்சி என்று ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். வீடியோ உண்மையானதாகவே தோன்றுகிறது என்று 2010 ஜனவரியில் ஆல்ஸ்டன் அறிவித்தார். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது முடிவன்று. தங்களால் விளக்க முடியாத சில கூறுகளும் அதில் உள்ளன என்பதை அதே அறிக்கையில் மறைக்காமல் சொன்னார்கள். முழங்குகிற கட்சிக்காரர் அந்தப் பகுதியை விட்டுவிட்டுப் படிப்பார். செய்தியாளர் அதையும் சேர்த்து எழுத வேண்டும். அதைச் சேர்த்து எழுதியதால்தான் முடிவுக்கு மதிப்பு வருகிறது. பெனட்ராமீட்டரின் கம்பி எதுவரை தெரிகிறது என்று சொல்வதும் இதுவும் ஒரே நேர்மை.

இனித் தடைகளுக்கு வருகிறேன். முதல் தடை வலுவானது: பேர்பெற்ற புகைப்படச் செய்தியாளர்கள் எந்த முதுநிலை வகுப்பில் படித்தார்கள்? ரகு ராய் சிவில் இன்ஜினியரிங் படித்தவர். மலக்குழியில் இறங்கி வேலை செய்யும் மனிதர்களின் வாழ்க்கையைப் பல ஆண்டுகளாகப் பதிவுசெய்து, 2022இல் தயானிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலில் பெற்ற மதுரைக்காரர் எம். பழனிக்குமார் ஊடக வகுப்பறையில் உருவானவர் அல்லர். இவற்றை மறுக்க மாட்டேன். ஆனால் இவர்கள் படிக்காமல் வந்தவர்கள் என்று சொல்வதும் சரியன்று. வேறொன்றைப் படித்துவிட்டு வந்தவர்கள். பழனிக்குமாரின் படங்களுக்குக் கீழே வரி எழுதப் பலம் தருவது அவர் அந்த மனிதர்களோடு கழித்த காலம். அந்தக் காலத்தை எந்தப் பல்கலைக்கழகமும் தர முடியாது. மறுபக்கம் டேனிஷ் சித்திக்கியைப் பாருங்கள். தில்லி ஜாமியா மில்லியாவின் ஊடக ஆய்வு மையத்தில் முதுநிலை முடித்தவர். ரோகிங்யா அகதிகள் பற்றிய படங்களுக்காக ராய்ட்டர்ஸ் குழுவோடு 2018இல் புலிட்சர் பெற்றவர். 2021 ஜூலையில் ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்டார். மேதைகளைக் காட்டி இந்த வழக்கை எந்தப் பக்கமும் வெல்ல முடியாது. மேதைக்குப் பள்ளி வேண்டாம். நாள்தோறும் அச்சேறும் நூறு படங்களை எடுக்கும் சராசரித் தொழிலாளிக்கு வேண்டும்.

அந்தத் தொழிலாளி முன்பு எங்கே கற்றார்? அலுவலகத்தில். ஆனந்த விகடனில் ஓவியர் மாலியின் நிழலில் கோபுலு வளர்ந்தார். பத்திரிகை அலுவலகமே குருகுலமாக இருந்தது. மாணவர்களை நிருபர்களாகவும் புகைப்படக்காரர்களாகவும் பழக்கும் விகடனின் திட்டம் அந்த மரபின் நீட்சிதான், அதிலிருந்து வந்தவர்கள் தமிழ் ஊடகம் எங்கும் இருக்கிறார்கள். ஆனால் குருகுலத்துக்கு ஒரு குரு தேவை, அவருக்குச் சம்பளமும் ஓய்வும் தேவை. ‘சிகாகோ சன்-டைம்ஸ்’ 2013 மே மாதம் ஒரே நாளில் தன் புகைப்படப் பிரிவினர் 28 பேரையும் வீட்டுக்கு அனுப்பியது. செய்தியாளர்களே கைப்பேசியில் எடுத்துக்கொள்வார்கள் என்றது. நம் ஊரில் அப்படித் தம்பட்டம் அடித்து அனுப்புவதில்லை. ஓய்வு பெறுபவரின் நாற்காலியைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். பழக்கிவிட ஆளில்லாத அலுவலகத்துக்குப் போகும் பிள்ளை, முன்பு அலுவலகம் கற்பித்ததை வெளியே எங்கோ கற்றுக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது.

‘வேலையே குறையும் துறைக்குப் பட்டம் எதற்கு?’ என்று கேட்கிறார்கள். வேலை உறுதி என்று விளம்பரம் செய்யும் நிறுவனத்திடம் ஏமாறாதீர்கள் என்பதுதான் என் நேரான பதில். கடன் வாங்கிக் கட்டும் அளவுக்குக் கட்டணம் இருந்தால் சேரவும் வேண்டாம். ஆனால் இந்தப் பயிற்சியின் பயன் பத்திரிகைச் சம்பளத்தோடு முடிவதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவின்படி மின்னணுப் பதிவைச் சாட்சியமாகத் தாக்கல் செய்யச் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். மாவட்ட நீதிமன்றம் வரை செல்போன் வீடியோ சாட்சியாக வரும் காலத்தில், மூலக் கோப்பை எப்படிக் காப்பது, எப்போது எடுத்ததென்று எப்படி நிறுவுவது என்று அறிந்தவர்களுக்கு வழக்கறிஞர் அலுவலகத்திலும் ஆவணக் காப்பகத்திலும் மனித உரிமை அமைப்புகளிலும் வேலை இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு வந்தபின் இது இன்னும் அவசரம். இல்லாத ஊர்வலத்தை இருப்பதாகக் காட்டும் படத்தை இன்று யாரும் நொடியில் செய்யலாம். அதைவிடப் பெரிய கேடு, நடந்த ஊர்வலத்தின் உண்மைப் படத்தை ‘அதுவும் ஏஐதான்’ என்று கைகழுவிவிட முடிவது. படம் தன் பலத்தில் நிற்க முடியாமல் போனபின் அதைத் தாங்குவது வரி ஒன்றுதான்.

அந்த வரியைத் தமிழில் எழுதுவதென்பது தனிப்பாடம்; நம் பாடத்திட்டங்களில் அதற்கு உரிய இடம் கிடைப்பதில்லை. ஒரு குடிசையின் சாம்பல் படத்துக்குக் கீழே ‘எரிந்த குடிசை’ என்றும் எழுதலாம், ‘எரிக்கப்பட்ட குடிசை’ என்றும் எழுதலாம். தன்வினை ஒன்று, பிறவினையின் செயப்பாட்டு வடிவம் மற்றது. முதலாவதில் நெருப்பு தானே வந்தது. இரண்டாவதில் ஒரு கை இருக்கிறது, ஆனால் அது யாருடைய கை என்பது மறைந்திருக்கிறது. ‘இன்னார் எரித்த குடிசை’ என்றால் நிரூபிக்கும் பொறுப்பு வந்து சேர்கிறது. 1968இல் 44 உயிர்களைக் கீழவெண்மணியில் பறிகொடுத்த தமிழகத்துக்கு இது வெறும் இலக்கணம் அன்று. ‘கூறப்படுகிறது’ என்ற சொல்லையும் கவனியுங்கள். யார் கூறினார், எப்போது கூறினார் என்ற இரண்டையும் ஒரே மூச்சில் விழுங்கிவிடும் சொல் அது. ஒரு முதுநிலை வகுப்பில் முதல் பருவம் முழுவதும் அதைத் தடைசெய்தால் மாணவர்கள் தொலைபேசியை எடுத்து நாலு பேரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். ‘கோப்புப் படம்’ என்று போடுவது நல்ல மரபு, ஆனால் எந்த ஆண்டின் கோப்பு? பழைய வெள்ளத்தின் படத்தைப் புதிய வெள்ளச் செய்திக்கு வைத்து மூலையில் பொடி எழுத்தில் அப்படிப் போடுவது, உண்மையைச் சொல்லிக்கொண்டே ஏமாற்றும் கலை.

வரிக்குப் பின்னால் துறையறிவு வேண்டும். அமெரிக்கப் பெருமந்தத்தின்போது அரசின் புகைப்படப் பிரிவை நடத்திய ராய் ஸ்டிரைக்கர் பொருளாதார ஆசிரியர், புகைப்படக்காரர் அல்லர். பருத்திச் சாகுபடியைப் படமெடுக்கக் கிளம்பிய கார்ல் மைடன்ஸிடம் பருத்தியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டு, அதிகம் தெரியாது என்றதும் உட்காரவைத்து நெடுநேரம் பருத்தியைப் பற்றிச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் அனுப்பினார் என்பது புகைப்பட வரலாற்றில் பேர்பெற்ற செய்தி. நமக்கு அதைவிட நெருங்கிய உதாரணம் உண்டு. 1939இல் தொடங்கிய திருச்சி வானொலி, 1960களில் ஏடிடீ 27 என்ற நெல் ரகத்தை டெல்டா விவசாயிகளிடம் கொண்டு சேர்த்தது. விவசாயிகள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்தார்கள். குரல் இனிமையாக இருந்ததால் வந்த பெயரன்று அது. குரலுக்குப் பின்னால் வேளாண்மை தெரிந்தவர்கள் இருந்தார்கள். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில், கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த 45 மதகுகளில் ஒன்பது உடைந்து போயின. சில நாள் முன்புதான் 1928ஆம் ஆண்டின் பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்கள் சரிந்திருந்தன. அவற்றைக் காட்டிய படங்கள் அருமையானவை. நீரின் வேகத்தை அவற்றில் கேட்கவே முடியும். ஆனால் மணல் அள்ளியதால் என்றார்கள் ஒரு சாரார், 1836இல் கட்டிய அணைக்கு வயதாகிவிட்டது என்றார்கள் மறுசாரார். அந்த வழக்கு நீருக்கு மேலே தீர்வதன்று. ஆற்றுப்படுகை எவ்வளவு தாழ்ந்தது, அடித்தளம் எங்கே நின்றது, அரிப்பு எப்படி வந்தது என்ற குறுக்குவெட்டுப் படம் ஒன்று வேண்டும். அதை வரையத் தெரிந்தவர்கள் இந்த அரங்கில் பாதிப்பேர் இருக்கிறீர்கள். செய்தி அறையில்தான் இல்லை.

இதனால்தான், இப்படியொரு படிப்புக்குச் சென்னையைவிடத் திருச்சி பொருத்தமான ஊர் என்கிறேன். துவாக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது, நவலூர்க்குட்டப்பட்டில் தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது, 1982இல் பிறந்த பாரதிதாசன் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒரு மாணவர் திங்களன்று சாட்சியச் சட்டமும், செவ்வாயன்று நீரியலும், புதனன்று கல்வெட்டும் படிக்கலாம். பேருந்துக் கட்டணம்தான் செலவு. பல துறைகளை நுனிப்புல் மேய்வது முதுநிலைப் படிப்பாகுமா என்று பேராசிரியர்கள் கேட்பார்கள், கேட்பது நியாயம். நான்கு துறை படித்த செய்தியாளர் நான்கிலும் நிபுணர் ஆகமாட்டார். நிபுணரிடம் என்ன கேட்பது, அவர் மழுப்பினால் எப்படித் தெரிந்துகொள்வது என்ற அளவுக்கு ஆவார். ஆல்ஸ்டனும் துப்பாக்கி நிபுணர் அல்லர். களப்பயிற்சிக்கு மிசௌரிப் பல்கலைக்கழக இதழியல் பள்ளியினர் 1949 முதல் நடத்தும் புகைப்படப் பட்டறையைப் பார்க்கலாம். ஆண்டுக்கொரு சிற்றூர். போய் இறங்கியதும் படமெடுக்க விடமாட்டார்கள். ஊரில் அலைந்து, மனிதர்களோடு பேசி, எதைச் சொல்லப்போகிறோம் என்று ஆசிரியர்களிடம் ஒப்புதல் பெற்ற பிறகுதான் கேமரா. எத்தனை படம் எடுக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. துறையூர், முசிறி, லால்குடி, மணப்பாறை என்று இங்கே பத்து ஆண்டுக்கு ஊர் இருக்கிறது.

கடைசித் தடையொன்றுக்கு என்னிடம் முழு விடை இல்லை. வரி எழுதும்வரை காத்திருந்தால் பக்கத்துச் சேனல் முந்திவிடும். முந்தாதவருக்கு டிஆர்பி இல்லை, விளம்பரம் இல்லை. எவ்வளவு படித்த பிள்ளையும் முதலாளி ‘போடு’ என்றால் போட்டாக வேண்டும். சட்டம் எந்தப் பக்கம் பாயும் என்பதும் உறுதியில்லை. ஓர் அட்டைப்படக் கேலிச்சித்திரத்துக்காக 1987இல் விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனைச் சிறைக்கு அனுப்பியது சட்டமன்றம், 2025இல் மற்றொரு கருத்துப்படத்துக்காக விகடனின் இணையதளமே சில வாரங்கள் முடங்கிக் கிடந்தது. பட்டப்படிப்பு இவற்றை மாற்றாது. தான் எதைச் செய்ய மறுக்கிறோம், ஏன் மறுக்கிறோம் என்று சொல்லத் தெரிந்த ஆட்களை அது செய்தி அறைக்குள் அனுப்பும். அவர்கள் தோற்கவும் கூடும். ஆகவே அந்த முதுநிலைப் படிப்பின் இறுதித் தேர்வுக்கு ஒரு வினாவை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன். நடுக்காட்டுப்பட்டித் துளைக்குள் இறக்கிய கேமராவின் ஒரு நிலைப்படம் மாணவர் முன் வைக்கப்படும். அதன் கீழே ஒரு வரி எழுத வேண்டும். நேரம் மூன்று மணி. துளையின் அளவையும் நாளையும் ஊராட்சியின் பொறுப்பையும் சேர்த்து ஒருவர் எழுதக்கூடும். ‘இந்தப் படத்தை வெளியிட வேண்டாம், வரைபடம் ஒன்று இணைத்திருக்கிறேன்’ என்று இன்னொருவர் எழுதிக் கொடுத்துவிட்டு அரைமணி நேரத்தில் எழுந்து போகக்கூடும். அந்த இரண்டாவது விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியரை முதலில் தேடிப் பிடியுங்கள், துறையைப் பிறகு தொடங்கலாம்.